ஏழுக்கு ஏழு

"மாமா, ஒரு சின்னச் சிக்கல்," என்றாள் மருமகள்.

மாமனார் செய்தித்தாளை மடித்து வைத்தார். போன மழைக்காலத்தில் சமையலறைக் கூரையின் பூச்சு மொத்தமாகப் பெயர்ந்து அடுப்பின்மேல் விழுந்தபோதும் அவள் இதே குரலில்தான் சின்னச் சிக்கல் என்றாள்.

"சொல்லும்மா."

"கழக மலருக்கு நீங்க கேட்ட அட்டவணை முடிஞ்சிருச்சு. எல்லாருக்கும் சரியா வருது. உங்க வரிசை மட்டும் இடிக்குது."

"ரொம்ப உயரமா வந்துருச்சா?"

"உயரமாத்தான் வந்திருக்கு. அதனாலதான் இடிக்குது."

அவர் நாற்காலியில் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தார். ஏற்கெனவே நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார். சாய்வது அவர் வழக்கத்தில் இல்லை. முப்பத்து நான்கு வருடம் எடையளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடை கடையாக ஏறித் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை குத்தியவர். அத்தனை வருடத்தில் ஒரு கடையிலும் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. அதனால் ஊர் அவருக்குப் 'படிக்கல்' என்று பெயர் வைத்திருந்தது. முதுகுக்குப் பின்னால் மட்டும் வழங்கிய பெயர். அவருக்கும் அது தெரியும். கோபித்துக்கொள்வதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொள்வார்.

அவருடைய சதுரங்கக் கழகத்துக்கு அது எழுபத்தைந்தாம் ஆண்டு. மலர் போடுகிறார்கள். இதுவரை கழகத்தில் கோப்பை வென்றவர்கள் அத்தனை பேருடைய ஆட்டத்தையும் துல்லியமாக அளந்து ஓர் அட்டவணை போட வேண்டும் என்பது படிக்கல்லின் யோசனை. வருடா வருடம் எட்டுப் பேர், ஏழு நாள், நாளுக்கு ஓர் ஆட்டம். எல்லோரும் எல்லோரோடும் ஆடுவார்கள். ஆட்டம் முடிந்ததும் நகர்த்தல்களையும் முடிந்த நேரத்தையும் கழகத்தின் பெரிய பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முதல் வருடத்திலிருந்து வரும் முறை அது. அளப்பதற்கு வேண்டியதெல்லாம் அங்கேயே இருந்தது. அளக்க மருமகள் இருந்தாள். காப்பீட்டு நிறுவனத்தில் புள்ளியியல் பிரிவில் வேலை.

சென்ற ஆண்டுக் கோப்பை படிக்கல்லினுடையது. ஏழு ஆட்டம், ஏழு வெற்றி. கழகச் சுவரில் இருந்த மரப்பலகையில் கடைசி வரியில் அவர் பெயர் இன்னும் பளபளவென்று இருந்தது. அதே பலகையில் மேலே, பொன்னெழுத்து மங்கிப்போன வரிகளுக்கு நடுவே, அவருடைய அப்பாவின் பெயர். அவரும் ஏழுக்கு ஏழு. கழகத்தின் எழுபத்தைந்து வருடத்தில் ஏழுக்கு ஏழு எடுத்தவர்கள் அந்த இருவர் மட்டுமே.

"ரெண்டு விதமா அளக்கலாம் மாமா," என்றாள் மருமகள். "முடிவை மட்டும் பார்த்தா, அதாவது யாரை ஜெயிச்சீங்க, எத்தனை பேரை ஜெயிச்சீங்கன்னு பார்த்தா, இந்த அட்டவணையிலேயே நீங்கதான் முதல்."

"சரி."

"ஒவ்வொரு நகர்த்தலையும் எடுத்து, கம்ப்யூட்டர் சொல்ற நல்ல நகர்த்தலுக்கும் இவங்க ஆடினதுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு பார்க்கறது இன்னொரு விதம். ஒரு சிப்பாய்க்கு நூறு புள்ளின்னு வெச்சுக்கலாம். ஒரு நகர்த்தலுக்குச் சராசரியா எத்தனை புள்ளி நழுவுதோ, அதுதான் குறை."

"எடைக்கல்லுல எத்தனை கிராம் தேய்ஞ்சிருக்குன்னு பார்க்கற மாதிரி."

"அதேதான். உங்களுக்கு அம்பத்திரண்டு. போன வருஷம் ஆடின எட்டுப் பேர்ல நீங்க ஆறாவது."

படிக்கல் இதை மனத்துக்குள் ஒரு முறை நிறுத்துப் பார்த்தார்.

"ஆறாவது ஆள் எப்படிம்மா ஏழு பேரையும் ஜெயிப்பான்?"

"அதுதான் அந்தச் சின்னச் சிக்கல்."

மற்ற ஏழு பேரும் தங்களுக்குள் ஆடியபோது நகர்த்தலுக்கு முப்பது புள்ளிதான் நழுவியிருந்தது. இவரோடு ஆடியபோது மட்டும் நூற்று நாற்பத்தொன்று.

"ஒரு நாள் ரெண்டு பேருக்குக் கை தடுமாறியிருக்கும்," என்றார் அவர். "பத்து வருஷத்து ஆட்டத்தையும் சேர்த்து அளந்து பாரு. சரியாப் போயிரும்."

மருமகள் இரண்டு நாள் எடுத்துக்கொண்டு பத்து வருடத்தையும் சேர்த்து அளந்தாள். சரியாகப் போகவில்லை. மற்ற ஒன்பது வருடங்களிலும் அதே ஆட்கள் இவரோடு மிக ஒழுங்காக ஆடி, மிக ஒழுங்காக இவரைத் தோற்கடித்திருந்தார்கள்.

"முன்னாடி சந்தேகமா இருந்தது மாமா. இப்ப உறுதியாயிடுச்சு. ஏழு பேருக்கும் தற்செயலா இப்படி நடக்கறதுக்கு லட்சத்துல ஒரு வாய்ப்புகூட இல்ல."

"உங்க ஆபீஸ்ல பத்தாயிரத்துல ஒண்ணுன்னாலே பணம் குடுக்க மாட்டீங்களே."

"மாட்டோம் மாமா."

அவர் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். கூடவே தன் மாத்திரைகளையும் எண்ணி எடுத்துக்கொண்டாள். "அப்பா வரிசை ஏன் காலியா இருக்கு?" என்று அட்டவணையை எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"அந்த வருஷத்துப் பதிவேட்டுத் தாள் மாமாவோட பீரோவுலதான் இருக்கு அத்தை. தர மாட்டேங்கறாங்க."

அந்தப் பதிவேட்டைச் செல் அரித்தபோது, அப்பாவின் ஏழு தாள்களை மட்டும் முறைப்படி எழுதிக் கேட்டு வாங்கிவந்து பூட்டி வைத்திருந்தார் படிக்கல்.

"மூல எடையை யாரும் எடை போடறதில்ல," என்றார்.

"அதையும் வருஷத்துக்கு ஒரு தடவை சரி பார்ப்பாங்கன்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க மாமா."

"அது சர்க்கார் எடை. இது அப்பா."

அப்பாவின் கதையை அந்த வீட்டில் எல்லோரும் மனப்பாடமாக அறிவார்கள். படிக்கல் பிறந்த அதே மாதம் அது. கஷ்டமான பிரசவம். அந்தக் கவலையிலும் மனிதர் மனம் கலங்காமல் ஏழு நாளும் உட்கார்ந்து ஏழு பேரையும் வீழ்த்தினார். சொந்தத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் படிக்கல் இதைச் சொல்வார். மன உறுதி என்றால் அதுதான் என்று முடிப்பார். அந்த ரத்தம் தனக்கும் வந்திருக்கிறதா என்று சென்ற ஆண்டுவரை அவருக்குக் கொஞ்சம் ஐயம் இருந்தது. கோப்பை வந்ததும் ஐயம் தீர்ந்தது. இப்போது அட்டவணை வந்திருக்கிறது.

மறுநாள் காலை கழகச் செயலரைப் பார்க்கப் போனார். செயலர் அச்சகம் வைத்திருந்தார். மலரும் அங்கேதான் அச்சாகிறது. சென்ற ஆண்டு படிக்கல்லிடம் தோற்ற ஏழு பேரில் அவரும் ஒருவர்.

"பக்கம் போதலைன்னா, போன வருஷ வெற்றியைப் பத்தி நான் எழுதிக் குடுத்த கட்டுரையை எடுத்துரலாம்," என்று ஆரம்பித்தார் படிக்கல்.

"பக்கம் மிச்சமா இருக்கு சார். நாலு பக்கத்தை நிரப்ப வழியில்லாம, உங்க கட்டுரையைத்தான் பெரிய எழுத்துல போடலாம்னு இருக்கேன்."

அவர் பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். உள்ளதைச் சொன்னார். முப்பது, நூற்று நாற்பத்தொன்று, லட்சத்தில் ஒன்று, எல்லாவற்றையும் சொன்னார். கேட்கக் கேட்கச் செயலர் கையில் இருந்த மெய்ப்புத் தாளைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடியும் சுருட்டினார்.

"பழைய கதை சார். விடுங்க. உங்க வரிசையை மட்டும் நான் தூக்கிடறேன். யாருக்கும் தெரியாது."

"தூக்கறதா? தேய்ஞ்ச எடைக்கல்லை மேஜைக்கு அடியில தள்ளற கடைக்காரன் பேச்சு இது. எங்க குடும்பத்துல அப்படி ஒரு பழக்கம் கிடையாது."

"அப்ப என்ன சார் பண்ணலாம்?"

"விசாரணை."

வீட்டுக்கு வந்து மூன்று பக்கத்துக்குப் புகார் எழுதினார். சென்ற ஆண்டு கோப்பை வென்றவர்மீது கடும் ஐயம் எழுந்துள்ளது என்று தொடங்கி, கோப்பை வென்றவர் என்று கையெழுத்திட்டு முடித்தார். கழகத்தின் நாற்பத்திரண்டு விதிகளையும் வகுத்தவர் அவர்தான். பத்தொன்பதாம் விதிப்படி எந்தப் புகாரும் மூன்று நாள் அறிவிப்புப் பலகையில் இருக்க வேண்டும். ஒட்டினார். இருபதாம் விதிப்படி அதை ஒழுங்குக் குழுத் தலைவர் விசாரிக்க வேண்டும். ஒழுங்குக் குழுத் தலைவரும் அவரே. ஆகவே புகாரின் நகல் ஒன்றைத் தனக்கே பதிவுத் தபாலில் அனுப்பினார். மறுநாள் தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கினார்.

"வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவுல இதுக்கு ஒரு தபால் தலையா?" என்றாள் மனைவி.

"முறைன்னு ஒண்ணு இருக்குல்ல."

புகாரை ஒட்டும்வரை விஷயம் வீட்டாருக்கும் செயலருக்கும்தான் தெரியும். ஒட்டிய அன்றே கழகத்துக்கே தெரிந்தது. இரண்டாம் நாள் புகாரின் அடியில் யாரோ பென்சிலால், 'கல்லுக்கு அடியில் பார்க்கவும்' என்று எழுதியிருந்தார்கள். எடைக்கல்லின் அடியில் குடைந்து ஈயத்தை எடுப்பது பழைய திருட்டு. படிக்கல் தன் வேலைக்காலத்தில் பிடித்த கற்களிலெல்லாம் அதுதான் இருந்தது. மூன்றாம் நாள் பேச்சு இன்னும் வளர்ந்தது. தோற்றவர்களில் மருந்துக்கடைக்காரர் இருக்கிறார், கடையில் தராசு இருக்கிறது, அந்தக் காலத்தில் ஏதோ கண்டும் காணாமல் விட்டிருப்பார், இப்போது திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள் என்று தண்ணீர்ப் பானை அருகே இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். படிக்கல் உள்ளே நுழைந்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கோப்பை போனால் போகட்டும். முப்பத்து நான்கு வருடம் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்காமல் காப்பாற்றிய பெயரல்லவா தண்ணீர்ப் பானை அருகே கிடக்கிறது.

சனிக்கிழமை மாலை விசாரணை. கழகக் கூடத்தில் நீள மேஜை. ஒழுங்குக் குழுத் தலைவர் என்ற முறையில் படிக்கல் தலைமாட்டில் உட்கார்ந்து விசாரணையைத் தொடங்கிவைத்தார். பிறகு எழுந்துபோய்ப் புகார்தாரர் நாற்காலியில் உட்கார்ந்து புகாரைப் படித்தார். பிறகு எழுந்து எதிர்ப்பக்கம் போய்க் குற்றம் சாட்டப்பட்டவராக உட்கார்ந்தார்.

"ஒரே இடத்துல உட்காருங்க மாமா," என்றாள் மருமகள் மெதுவாக. "மூச்சு வாங்குது உங்களுக்கு."

தோற்ற ஏழு பேரும் எதிரே வரிசையாக இருந்தார்கள். பல் டாக்டர், செயலர், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், கணக்கு வாத்தியார், மருந்துக்கடைக்காரர், பஸ் டிரைவர், லிஃப்ட் மெக்கானிக். ஜன்னலோரத்தில் வழக்கமான சாய்வு நாற்காலியில் வழக்கம்போல் கண்ணை மூடிக் கிடந்தார் கழகத்தின் மூத்த உறுப்பினர். வயது தொண்ணூறு. படிக்கல்லின் அப்பாவோடு ஆடியவர். படிக்கல் அவரைச் சித்தப்பா என்பார். கழகத்தில் படிக்கல்லை டேய் என்று கூப்பிடும் உரிமை அந்த ஒருவருக்குத்தான்.

"இருபத்தேழாவது நகர்த்தல்ல உங்க ராணியைச் சும்மா தூக்கிக் குடுத்திருக்கீங்க," என்று மருமகள் கண்ணாடிக் கடைக்காரரைக் கேட்டாள். "ஏன் சார்?"

"கண்ணாடி மாத்திப் போட்டுட்டேன்மா."

"கண்ணாடிக் கடை வெச்சிருக்கீங்களே."

"அதனாலதான். நிறைய இருக்கா, எது என்னுதுன்னு தெரியல."

பல் டாக்டர் இரண்டாம் இடம் பெற்றவர். அன்று பல்வலி என்றார். எந்தப் பல் என்று கேட்டதற்கு, ஒரு டாக்டருக்கு இருக்கும் துல்லியம் இல்லாமல், பொதுவாக எல்லாம் என்றார். கணக்கு வாத்தியார் கணக்குத் தப்பிவிட்டது என்றார்.

"நான் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன்," என்றார் மெக்கானிக்.

"ஆட்டம் நடக்கும்போதா?"

"மனசளவுல."

"இது விசாரணை," என்றார் படிக்கல். "ஆளுக்கு ஒரு கதை சொல்றீங்க. ஒண்ணாவது முத்திரை வாங்குமா? நான் யாரையாவது மிரட்டினேனா? யார்கிட்டயாவது கேட்டேனா? அதை மட்டும் சொல்லுங்க. எனக்குக் கோப்பை வேண்டாம்."

"சேச்சே, அப்படியெல்லாம் இல்ல சார்," என்று ஏழு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அதைக் கேட்டதும் பின்வரிசையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவு ஒற்றுமையாக வந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது.

"இன்னொரு விஷயம் இருக்கு," என்றாள் மருமகள். "நாலரை மணி வரைக்கும் எல்லாரும் நல்லாத்தான் ஆடியிருக்கீங்க. அதுக்கு மேலதான் தப்பெல்லாம். ஏழு ஆட்டமும் அஞ்சு மணிக்குள்ள முடிஞ்சிருக்கு. மத்த ஆட்டமெல்லாம் ஏழு மணி வரைக்கும் போயிருக்கு. அஞ்சு மணிக்கு என்ன?"

பஸ் டிரைவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

"பதிவேட்டுல நேரம் தப்பா இருக்கலாம்," என்றார் படிக்கல். "என் குறிப்பேட்டோட ஒத்துப் பாரு." பையிலிருந்து கறுப்பு அட்டைக் குறிப்பேட்டை எடுத்துக் கம்பீரமாக நீட்டினார். ஆடும்போது மேஜையில் தன் பக்கத்தில் திறந்து வைத்து ஒவ்வொரு நகர்த்தலையும் எழுதும் குறிப்பேடு அது.

மருமகள் பிரித்தாள். அடையாளத்துக்குச் செருகியிருந்த மஞ்சள் அட்டை ஒன்று வழுக்கி மேஜையில் விழுந்தது. எடுத்துப் படித்தாள். பிறகு மாமனார் பக்கம் நகர்த்தினாள்.

பொது மருத்துவமனை. பார்வையாளர் சீட்டு. பெண்கள் அறுவைப் பிரிவு, மூன்றாவது மாடி. மாலை 5.30 முதல் 6.30 வரை மட்டும்.

சென்ற ஆண்டுப் போட்டி நடந்த மாதம் அவர் மனைவிக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை. வீட்டு விஷயம் வெளியே போகக் கூடாது என்று அவர் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. போட்டியிலிருந்து விலகிவிடுகிறேன் என்று அவர் சொன்னபோது மனைவிதான் படுக்கையிலிருந்தபடியே, "உங்க அப்பா விலகினாரா? போய் ஆடிட்டு வாங்க. இங்க உட்கார்ந்து என் மூஞ்சியைப் பார்த்து என்ன பண்ணப் போறீங்க?" என்று விரட்டினாள். அவர் ரகசியத்தைக் காப்பாற்றினார். பார்வையாளர் சீட்டைத் தொலைத்துவிடக் கூடாதே என்று குறிப்பேட்டில் செருகி, பாதி வெளியே தெரிய, எதிரில் உட்கார்ந்தவர் மூக்குக்கு நேராக ஏழு நாளும் வைத்துக் காப்பாற்றினார்.

"மஞ்சளா இருந்துச்சு சார்," என்றார் மெக்கானிக் தயக்கத்தோடு. "கண்ணுல படாம எப்படி? அந்த ஆஸ்பத்திரி லிஃப்டை நான்தான் பார்க்கறேன். ஆறரைக்கு மேல பார்வையாளர் யாரையும் ஏத்த மாட்டாங்க."

"ரெண்டு பஸ் மாறணும்," என்றார் டிரைவர். "அஞ்சு பத்தை விட்டா அடுத்தது ஆறேகால். போய்ச் சேர்றதுக்குள்ள கதவைச் சாத்திருவான். என் ரூட்டுதான், எனக்குத் தெரியாதா?"

"அதனால ஏழு பேரும் சேர்ந்து பேசி வெச்சுக்கிட்டு…"

"பேசவே இல்ல சார்," என்றார் பல் டாக்டர். "அதான் வம்பாப் போச்சு. ஆளாளுக்குத் தனியா நினைச்சிருக்கோம். நாம ஒருத்தர் தோத்தா என்ன, மத்த ஆறு பேர் பார்த்துக்குவாங்கன்னு. கடைசி நாள் புள்ளியைக் கூட்டினப்பதான் தெரிஞ்சது, யாருமே பார்த்துக்கலன்னு."

"ஒருத்தராவது டிராவுக்குக் கேட்டிருக்கலாமே?"

"மூணு பேர் கேட்டோம். 'எங்க குடும்பத்துல டிரா வழக்கம் இல்ல'ன்னுட்டீங்க."

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோருமே சிரித்தார்கள். தண்ணீர்ப் பானை அருகே பேசிய இருவர் எழுந்து வெளியே போனார்கள். திரும்பி வரும்போது ஒருவர் கையில் அழிப்பான் இருந்தது. நேராக அறிவிப்புப் பலகைக்குப் போனார்.

படிக்கல் சிரிக்கவில்லை. விசாரணை முடிந்தது என்று சொல்லத் தலைமாட்டு நாற்காலிக்குப் போக வேண்டும் என்பதும் மறந்து, எழுந்த இடத்திலேயே மஞ்சள் அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் கேட்டுவிட்டு வெகுநேரம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று முதலில் அவருக்குத் தெரியவில்லை. இரண்டும்தான்.

"தினமும் அஞ்சரைக்கு டாண்ணு வந்து நிப்பீங்க," என்றாள். "வாசல்லேருந்தே ஜெயிச்சுட்டேன்னு விரலைக் காட்டுவீங்க. மொத நாள் ஒண்ணு, மறுநாள் ரெண்டு. அந்த நர்ஸ்கூட இன்னைக்கு எத்தனை விரல்னு கேட்பா. ஏழு விரல் பார்க்கணும்னே நான் சீக்கிரம் தேறினேன்."

"அது அத்தனையும் அவங்க குடுத்தது."

"அப்ப அவங்களுக்கு நன்றி சொல்லிட்டு வாங்க."

அதுதான் பெரிய பாடு. யாரிடமும் எதுவும் வாங்காமலேயே வாழ்ந்தவருக்கு நன்றி சொல்லும் சந்தர்ப்பம் அதிகம் வாய்த்ததில்லை. நாலு வரி எழுதிப் பார்த்தார். 'தங்கள் தோல்விகள் கிடைக்கப் பெற்றேன்' என்று ஆரம்பித்தது. கிழித்துப் போட்டார்.

நன்றி ஒரு பக்கம். நியாயம் ஒரு பக்கம். ஆட்டத்தில் வெல்லாதவன் பெயர் வெற்றியாளர் பலகையில் இருக்கக் கூடாது. அதுவும் அப்பாவின் பெயர் இருக்கும் பலகையில். ஞாயிற்றுக்கிழமை அந்த வரியை அழித்துவிட்டுப் பல் டாக்டர் பெயரை எழுத வேண்டும் என்று பெயின்டருக்குச் சொல்லி அனுப்பினார். அதோடு பீரோவைத் திறந்து, அப்பாவின் ஏழு தாள்களையும் எடுத்து மருமகளிடம் கொடுத்தார்.

"இதையும் அளந்து போடும்மா. உண்மையான ஏழுக்கு ஏழு எப்படி இருக்கும்னு மலர்ல எல்லாரும் பார்க்கட்டும். என்னை அதுக்குக் கீழே நிறுத்திக் காட்டு. எனக்கு வெட்கமில்ல."

அன்று இரவு, "ஆச்சா?" என்று கேட்டார்.

"கம்ப்யூட்டர் கொஞ்சம் மெதுவா ஓடுது மாமா."

ஞாயிறு காலை கழகத்துக்குக் கிளம்பும்போதும் கேட்டார்.

"இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கு மாமா," என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடப் போனாள். செருப்பு காலில்தான் இருந்தது.

கழகத்தில் எல்லோரும் வந்திருந்தார்கள். அவர் மனைவியும் வந்திருந்தாள். கழகத்துக்குள் அவள் காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை. ஏழு பேரும் எழுந்து நின்றார்கள். அவள் ஒவ்வொருவரையும் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "நல்லா இருக்கேன், இப்ப நல்லா இருக்கேன்," என்றாள். மெக்கானிக் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தூசி என்றார்.

படிக்கல் தொண்டையைச் செருமினார்.

"என் சர்வீஸ்ல நான் யார்கிட்டயும் எதுவும் வாங்கினதில்ல. அது எல்லாருக்கும் தெரியும். உங்க ஏழு பேர்கிட்டயும் ஒவ்வொரு சாயங்காலம் வாங்கியிருக்கேன். எனக்கே தெரியாம வாங்கியிருக்கேன். என் சம்சாரம் இன்னைக்கு இங்க நிக்கறதுல அதுக்கும் பங்கு இருக்கு. இதை எந்தத் தராசுலயும் என்னால நிறுக்க முடியல. ரொம்ப நன்றி."

அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளும் கரடுமுரடாகத்தான் வந்தன. ஆனால் வந்துவிட்டன. சொன்ன பிறகு, சொல்வது அத்தனை கஷ்டமில்லை என்று அவருக்கே தோன்றியது. இன்னொரு முறையும் சொன்னார்.

"அப்புறம் எதுக்கு சார் அழிக்கறீங்க?" என்றார் பல் டாக்டர். "என் பேரை எழுதினா நான் கிளப்புக்கே வர மாட்டேன். குடுத்ததைத் திருப்பி வாங்கறதா?"

"நன்றி வேற, பலகை வேற டாக்டர். அந்தப் பலகையில எங்க அப்பா பேர் இருக்கு. அவர் வீட்டுல எவ்வளவு கவலை இருந்தும் சொந்தமா ஆடி ஜெயிச்சவர். அவர் பேருக்குக் கீழே இரவல் ஜெயிப்பு இருக்கக் கூடாது. குடும்பத்துக்கு ஒரு மரியாதை இருக்கு." பெயின்டர் பக்கம் திரும்பினார். "நீ சுரண்டுப்பா. கடைசி வரி."

பெயின்டர் முட்டி போட்டு உட்கார்ந்து தகட்டை எடுத்தார். மருமகள், "மாமா, ஒரு நிமிஷம்," என்றாள். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

சாய்வு நாற்காலி கிரீச்சிட்டது. பெரியவர் கண்ணைத் திறந்திருந்தார். எவ்வளவு நேரமாகத் திறந்திருந்தார் என்று யாருக்கும் தெரியாது. கைத்தடியைத் தூக்கிப் பலகையின் மேல்பக்கத்தை, பொன்னெழுத்து மங்கிய அந்த வரியைக் காட்டினார்.

"டேய், சுரண்டறதுன்னா அங்கேருந்து ஆரம்பிக்கச் சொல்லு. உங்க அம்மா உன்னைப் பெத்துட்டு ஆஸ்பத்திரியில கிடந்த அந்த ஏழு நாளும், நாங்க ஏழு பேரும் அஞ்சு மணிக்கே தோத்தோம்."